பஸ் நிற்கும் இடத்தில்தான் நேரம் போகிறது

போன வாரம் காலை எட்டரை மணிக்கு நெல்லை வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிழற்குடைக்கு முன்னால் வரிசையாகப் பைக்குகள். ஓரம் கட்ட வழியில்லாமல் டவுன் பஸ் நடுச்சாலையிலேயே நின்றது. ஓலைப் பெட்டியோடு ஓர் ஆச்சி ஓடினார். பெட்டியை முதலில் உள்ளே தள்ளினார். படியோ அவருடைய முழங்கால் உயரம். இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, உடம்பைத் தூக்கி அவர் ஏறுவதற்குள் பின்னால் ஹாரன்கள் அலறின.

நான் போக்குவரத்துத் திட்டமிடல் பொறியாளர். “நம் ஊருக்கு மெட்ரோ வருமா?” என்று கேட்பவர்களை அந்த நிறுத்தத்துக்குத்தான் அழைத்துப் போக நினைக்கிறேன். ஓர் ஆள் ஏற மூன்று விநாடி என்றால், ஒரே வாசலில் இருபது பேர் ஏற ஒரு நிமிடம். இரண்டு வாசலிலும் ஏறினால் அரை நிமிடம். பத்து நிறுத்தங்களில் ஐந்து நிமிடம் மிச்சம். எட்டு நடைக்கு நாற்பது நிமிடம். புதிய பஸ் வாங்காமலே டவுனிலிருந்து பாளைக்கு இன்னொரு நடை ஓட்டிவிடலாம்!

1974இல் பிரேசிலின் குரிட்டிபாவில் தொடங்கிய விரைவுப் பேருந்து முறை, 2000இல் கொலம்பியாவின் போகோட்டாவுக்கும் 2009இல் அகமதாபாத்துக்கும் வந்தது. இதில் பஸ்ஸுக்கென்றே ஒதுக்கும் தனித்தடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஏறும் முன்பே டிக்கெட், பஸ் தளத்தின் உயரத்திலேயே நடைமேடை ஆகிய இரண்டும் அதே அளவு முக்கியம். டெல்லியில் 2008இல் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான தடம் போட்டார்கள். டிக்கெட்டை பஸ்ஸுக்குள்தான் கொடுத்தார்கள். 2016இல் அதைப் பெயர்த்தெடுத்தார்கள்.

நெல்லையின் ரத வீதிகளிலும் சுலோசன முதலியார் பாலத்திலும் தனித்தடத்துக்கு இடமில்லை. அதைக் கேட்கவும் மாட்டேன். ஆனால் நெரிசல் நேரத்தில் ஜங்ஷனில் கீழேயே நின்று டிக்கெட் கொடுக்க ஒருவரை நிறுத்தலாம். கட்டணம் மாறும் ஸ்டேஜைத் தாண்டுமுன் டிக்கெட் போட்டு முடிக்க பஸ்ஸை ஓரம் கட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது அப்போது தேவைப்படாது. மகளிருக்குக் கட்டணமில்லை என்றாலும் அவர்களுக்கும் சீட்டு கிழிக்க வேண்டியிருக்கிறதே! தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர்தான். புதிய வண்டி வாங்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்க வேண்டும்.

அதுவரை, நிழற்குடை முன்னால் பைக்கை விடாதீர்கள். உங்கள் நிறுத்தத்தில் ஒரு காலைப் பொழுது நின்று, ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை விநாடி நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று குறித்து வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். வண்ணார்பேட்டைக் கணக்கை நான் எழுதிவிட்டேன்.