மழையோடு ஓடாத உரம்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. பாத்தியில் போட்ட உரத்தில் செடி எடுக்காமல் விட்டது, கால்வாய் வழியாக நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கே போய்ச் சேரலாம். இயற்கை முறைக் காய்கறிச் சாகுபடியின் பயனை அளக்க இது பொருத்தமான இடம்.

வேதி உரமான யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். வெப்பமான ஈர மண்ணில் அது சில நாள்களில் அம்மோனியமாகும். அடுத்த ஓரிரு வாரங்களில் பெரும்பகுதி நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம் (மைனஸ்); களிமண் துகள்களுக்கும் அதேதான், அதனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். மண் அதைப் பிடித்துவைக்காததால் கனமழையில் நீரோடு இறங்கிவிடுகிறது. நீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணிலோ, நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. யூரியா தயாரிக்கச் செலவாகும் இயற்கை எரிவாயு தனிக்கணக்கு.

மட்கு உரத்தில் நைட்ரஜன் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடுதான். அதுவும் கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதால், நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கத்தான் வெளிவரும். மட்கு சேர்ந்த மண் பொலபொலப்பாகி மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்வதால் மேல்மண் அரிப்பும் குறைகிறது.

மட்கு தயாரிக்க, காய்ந்த இலை மூன்று கூடைக்குக் காய்கறிக் கழிவு ஒரு கூடை போதும். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். அம்மோனியா நெடி வந்தால் இலை போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை, புரட்டிவிடுங்கள். ஒரு கன மீட்டர் குவியல் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் கொல்லும். தாழ்வாரத்துச் சிறு தொட்டியில் அந்தச் சூடு ஏறாது. ஆகவே விதை முற்றிய களையை அதில் போடாதீர்கள். மழை படாமல் மூடுவது கட்டாயம், இல்லையென்றால் சத்து அங்கேயே கரைந்து ஓடிவிடும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு வேறு.

இயற்கை உரம்தானே என்று அள்ளிக் கொட்டினால் இத்தனை பயனும் வீண். குறிப்பாகக் கோழி எரு. செடிக்கு வேண்டிய நைட்ரஜனைக் கணக்கிட்டு அதைப் போட்டால், பாஸ்பரஸ் தேவைக்கு மேல் போய்விடும். பருவத்துக்குப் பருவம் அது மண்ணில் குவிந்து, மண்ணரிப்போடு நீர்நிலைக்குப் போகும். நன்னீரில் பாசி பெருகப் பெரும்பாலும் பாஸ்பரஸே தூண்டுகோல். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்தியின் அளவுக்கு, அதாவது 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு, ஒரு பருவத்தில் 25 லிட்டர் மட்கு போட்டால் ஒரு சென்டிமீட்டர் படலம் கிடைக்கும். கீரைக்கு அதிலிருந்து தொடங்கலாம்.

வேதி உரச் சாகுபடியைவிட இயற்கை முறையில் விளைச்சல் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலம் அரிதான ஊரில் அது சிறிய இழப்பு அல்ல.

கங்கோங் கீரை அறுத்த பாத்தியை வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த புல்லால் மூடலாம், பயற்றங்காய் போடலாம். பயறு காற்றிலிருந்து பிடிக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு காய்க்குப் போய்விடுகிறது. மண்ணுக்குச் சத்து வேண்டுமென்றால், பூக்கும்போதே செடியை வெட்டி மண்ணில் புதைத்துவிட வேண்டும்.