பதிவு செய்வதற்கு முன் ஒரு வாரம்

எங்கள் கல்லூரியில் என்பிடெல் படிப்புகளை, அதாவது ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் படிப்புகளை, ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு ஜனவரியும் ஜூலையும் மாணவர்கள் ஆசையாகப் பதிவு செய்கிறார்கள். சேருவதற்குக் காசு கிடையாது, தேர்வு எழுத மட்டும்தான் பணம். நான்காவது வாரம் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பலருடைய பெயருக்கு நேரே அசைன்மெண்ட் கட்டம் காலியாக இருக்கும்.

முன்பெல்லாம் வகுப்பில் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். போன் இருக்கிறதா? நெட் இருக்கிறதா? எல்லாக் கைகளும் உயரும். சரி, தயாராக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி 12 வாரப் படிப்பில் ஐந்தாவது வாரமே நின்றுவிட்டாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, இரவு பத்து மணிக்குத்தான் அவள் கைக்கு வரும். அதிகாலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேம்” என்றாள். அந்தப் பதில் இன்னும் மனதில் இருக்கிறது.

இணையவழியில் படிக்க ஒருவர் எந்த அளவுக்குத் தயார் என்று அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 2010-இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: கணினியிலும் இணையத்திலும் உள்ள பழக்கம், தானாகப் படிப்பது, கவனம் சிதறாமல் படிப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, ஆர்வம், இணையவழியில் தயங்காமல் பேசுவது. நல்ல பட்டியல்தான். ஆனால் “நேரத்தைத் திட்டமிட்டுப் படிப்பேன்” என்ற வரிக்கு எதிரே எங்கள் பிள்ளைகள் எல்லோருமே ‘ஆம்’ என்றுதான் டிக் அடிக்கிறார்கள். பொய் சொல்வதில்லை. இதுவரை யாரோ போட்டுக் கொடுத்த கால அட்டவணைப்படி படித்தவர்கள், தனியாகப் படித்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

அதனால் பதிவுக்கு முன் ஒரு வாரம் சோதனை வைக்கிறேன். பழைய படிப்பிலிருந்து அரை மணி நேர வீடியோ, பத்துக் கேள்விகள், கெடு ஞாயிறு இரவு. புரியாத ஒரு இடத்தைப் பற்றி எனக்கு எழுதி அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. எந்த நாளில் தொடங்கினார்கள், எங்கே நிறுத்தினார்கள், சந்தேகம் கேட்டார்களா என்றுதான் பார்ப்பேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் வீடியோவின் வேகத்தில்தான் திணறுகிறார்கள். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்துரை இருக்கிறது என்று காட்டினாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாக எடுக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்தது. ஆக, இது பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட் சம்பந்தப்பட்ட விஷயம். என்பிடெல் படிப்பில் அசைன்மெண்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அசைன்மெண்டில் 25-க்கு 10 வரவில்லையென்றால் சான்றிதழ் கிடைக்காது. இது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

தடுமாறுபவர்களை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. முதலில் நான்கு வாரப் படிப்பில் சேரச் சொல்கிறேன். மதிய இடைவேளையில் கணினி ஆய்வகத்தைத் திறந்துவைக்க அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறோம். அந்த மாணவி இப்போது அங்கேதான் வீடியோ பார்க்கிறாள்.