நீராவித் தகரி

தகரி (பெயர்ச்சொல்): சங்கிலிப் பட்டையில் ஓடும், கவசம் போர்த்த, பீரங்கியோ இயந்திரத் துப்பாக்கியோ ஏந்திய போர் வண்டி. பேச்சிலும் செய்தியிலும் டாங்கி. தகர் என்னும் வினையடியிலிருந்து வந்த ஆக்கம். அதைக் கொதிகலன் ஓட்டினால் நீராவித் தகரி. கற்பனை நாட்டுப் படைக்கு அப்படியொரு வண்டியை வடிவமைப்பவருக்கான குறிப்பு இது.

ஆங்கிலத்தின் ‘டாங்க்’ முதலில் நீர்த்தேக்கத்தைக் குறித்தது. குஜராத்தி, மராத்தி வழக்கிலிருந்தும் போர்த்துகீசிய ‘தாங்க்கே’யிலிருந்தும் அது ஆங்கிலத்துக்குப் போயிற்று என்பார்கள். 1915இல் பிரிட்டன் கவச வண்டியை இரகசியமாகக் கட்டியபோது, லிங்கன் நகரத் தொழிற்சாலையில் அது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். அதுவரை அதற்கு ‘தரைக்கப்பல்’ என்று பெயர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் பிளெர்ஸ் அருகே களத்தில் இறங்கிய பிறகும் தொட்டிப் பெயரே ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘பீரங்கி வண்டி’ பரவலான சொல். ஆனால் பீரங்கியை இழுத்துப்போகும் வண்டியையும் அது குறிக்கும். இலங்கை வழக்கின் ‘யுத்த தாங்கி’ காதுக்கு இதமானது. ஆனால் ‘விமானந்தாங்கி’ அறிந்தவர் இதையும் எதையோ சுமக்கும் வண்டி என்றே கொள்வார். ‘கவச வாகனம்’ வீரர்களை ஏற்றிச் செல்லும் சக்கர வண்டிக்கும் பொருந்துவதால் அகலம் அதிகம். அதனால் என் பரிந்துரை தகரிதான்: பிரிட்டனின் தொட்டிப் பொய் நடக்காத உலகில் ‘டாங்கி’ என்ற பெயர் எங்கிருந்து வரும்?

வேடிக்கை என்னவென்றால், நீராவியில் ஓடுவது மெய்யாகவே தண்ணீர்த் தொட்டிதான். 18 டன் வண்டிக்கு 70 குதிரைத்திறன் வைத்துக்கொள்வோம். பயன்பட்ட நீராவியைக் காற்றில் விட்டுவிடும் எளிய எந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 13 கிலோ தண்ணீர் குடிக்கும். அதாவது மணிக்கு 900 கிலோ. மூன்று மணி நேரப் போருக்கு 2.7 டன். ஒரு கிலோ நிலக்கரி ஆறேழு கிலோ நீரை ஆவியாக்கும் என்பதால் மணிக்கு 140 கிலோ கரியும் வேண்டும். நீராவியைக் குளிர்வித்துத் திரும்பப் பயன்படுத்தலாம்தான், ஆனால் குளிர்விப்பானைக் காற்றுபடும் இடத்தில் வைக்க வேண்டும். அங்கே அதைத் துளைக்க ஒரு துப்பாக்கிக் குண்டு போதும்.

அடுத்த சிக்கல் சரிவு. ரயில் எஞ்சினைப் போல 2.5 மீட்டர் நீளக் கொதிகலனைப் படுக்கவைத்து 30 பாகை ஏற்றத்தில் ஏறினால், நீர்மட்டம் ஒரு முனையில் 70 செ.மீ. அளவுக்கு இறங்கப் பார்க்கும். உலையின் கூரைத் தகடு வறண்டு, சிவந்து, இளகிப் பிளக்கும். உள்ளிருப்பவர் பிழைக்க வழியில்லை. கூரையில் பதித்த ஈயத் தக்கை முன்னதாகவே உருகி, நீராவியை உலைக்குள் பீறிடவிட்டு எச்சரிக்கும்; அதற்குமேல் அதை நம்பக் கூடாது. 80 செ.மீ. விட்டமுள்ள நிமிர்ந்த கொதிகலனில் அதே சரிவில் மட்டம் 23 செ.மீ.தான் மாறும். அதைவிட நல்லது தண்ணீர் குழாய்களுக்குள்ளேயே ஓடும் வகை: இருப்பு நீர் குறைவு, வெடித்தாலும் சேதம் குறைவு, சில நிமிடங்களில் அழுத்தம் ஏறும். கடின நீரில் குழாய் அடைத்துக்கொள்வதுதான் அதன் குறை.

நீராவிக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை கிடைப்பதால் பல்சக்கரப் பெட்டி தேவையில்லை. பட்டைக்கு ஒரு எந்திரம் வைத்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டினால் வண்டி நின்ற இடத்தில் திரும்பும். பிரிட்டனின் முதல் தகரியைத் திருப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது. ஒவ்வொரு எந்திரத்திலும் இரண்டு உருளைகள் (நீராவி பிஸ்டனைத் தள்ளும் குழல்கள்), அவற்றின் கிராங்குகள் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் வளைதண்டுகள்) 90 பாகை விலகி இருக்கட்டும். ஒற்றை உருளை மட்டும் இருந்து, அதன் பிஸ்டன் ஓட்டத்தின் கடைசி முனையில் நின்றுவிட்டால் எந்திரம் கிளம்பாது. சற்று நேரம் நிறுத்திய பின் உருளையின் வடிகுழாயைத் திறக்காமல் கிளப்பினால், குளிர்ந்து தேங்கிய நீர் அமுங்காமல் உருளை மூடியைப் பிளந்துவிடும்.

1918இல் அமெரிக்கப் பொறியாளர் படை கட்டிய நீராவித் தகரி, மண்ணெண்ணெயில் எரியும் கொதிகலன்களும் பட்டைக்கு ஒன்றாக இரு எந்திரங்களும் கொண்டது. எடை ஏறத்தாழ 50 டன், முதன்மை ஆயுதம் தீயுமிழி. ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது.