பிரேக்கை மிதித்தால் அணையும் விளக்கு

பழைய கார் வைத்திருப்பவர்களை இந்த அளவுக்குக் குழப்பும் கோளாறு வேறில்லை. இரவில் பின்விளக்கு ஒழுங்காக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் இன்னும் பளிச்சென்று எரிய வேண்டிய அதே விளக்கு அணைந்துவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. பல்பை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள், கடைசியில் யாராவது "முழு வயரிங்கையும் பிடுங்கிட்டுப் புதுசாப் போடணும்" என்பார். பெரும்பாலும் அதற்குத் தேவை ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு ஸ்குருவும்தான்.

பழைய கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் வயர் வழியாகப் போகும். பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதை பெரும்பாலும் காரின் பாடிதான். அதைத்தான் எர்த் என்கிறோம். பின்விளக்கு பல்பில் இரண்டு இழைகள்: இரவு விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டின் மறுமுனையும் பல்பின் பித்தளை உறையில் சேர்கின்றன. உறை பாடியைத் தொட வேண்டும்.

அந்தத் தொடுப்பு விட்டுப்போனால் 5 வாட் இழையைக் கடந்த மின்சாரம் உறையில் வந்து வழியின்றி நிற்கும். ஆனால் பக்கத்திலேயே 21 வாட் இழை இருக்கிறதே! அதற்குள் தலைகீழாகப் புகுந்து, பிரேக் வயரைப் பிடித்து, எதிர்ப்பக்க பிரேக் விளக்கு வழியாக எர்த்தைக் கண்டுபிடித்துவிடும். சூடேறாத 21 வாட் இழைக்கு மின்தடை மிகக் குறைவு. அதனால் 5 வாட் இழை ஏறக்குறைய வழக்கம்போல் எரியும், நமக்குச் சந்தேகமே வராது. பிரேக்கை மிதித்தவுடன் பல்பின் இரண்டு முனைகளுக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இருபுறமும் ஒரே அழுத்தம் என்றால் மின்சாரம் ஓடாது. விளக்கு அணைகிறது.

மலேசியாவின் பினாங்குத் தீவில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. சுற்றிலும் கடல், ஆண்டு முழுக்க ஈரக் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால், பித்தளையும் இரும்புத் தகடும் சந்திக்கும் இடத்தில் இரும்பு வேகமாக அரிக்கும். துரு மின்சாரத்தை விடாது. செம்பு வயரின் நுனியில் பச்சையாகப் பூக்கும், உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே சில அங்குலத்துக்கு இழைகள் கறுத்துப் போயிருக்கும். ஈரத்தைவிட எனக்கு அதிகம் சந்தேகம் வருவது புது பெயிண்ட் மீதுதான். காரை அழகாக ரீஸ்டோர் செய்து, எர்த் ஸ்குரு உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே வயரை முடுக்கிவிடுகிறார்கள்.

கோளாறைத் தேடும்போது பலரை ஏமாற்றுவது மல்டிமீட்டர். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும், "வயர் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் பொதுவாக 14 செம்பு இழைகள் இருக்கும். அதில் 13 அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் இதையேதான் சொல்லும், ஏனென்றால் அளக்கும்போது மின்சாரம் ஏறக்குறைய ஓடவே இல்லை. விடியற்காலை 3 மணிக்குப் பினாங்குப் பாலத்தில் ஒரு தடம் மட்டும் திறந்திருந்தால் யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போகும் நேரத்தில்தானே தெரியும்!

ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். எரியும் 21 வாட் பல்பின் தடை சுமார் 7 ஓம். துருப்பிடித்த இணைப்பில் 1 ஓம் இருந்தால், 12 வோல்ட்டில் 1.5 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். பல்புக்கு 10.5தான் மிஞ்சும். எட்டில் ஒரு பங்குதானே போனது என்று நினைக்கலாம். வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், இழையின் சூடு தணிந்தால் ஒளி அவ்வளவு வேகமாகச் சரியும். இழந்த மின்சாரம் அந்தச் சின்ன இணைப்பிலேயே 2 வாட்டுக்கு மேல் வெப்பமாகி, அதை இன்னும் கெடுக்கும். ஸ்டார்ட்டரில் கணக்கு இன்னும் மோசம். 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் போதும், 1.5 வோல்ட் போய்விடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள பின்னல் வயரைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்காதீர்கள்.

சோதனை எளிது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை பல்பின் உறையிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் என்றால் நல்லது. மேலே சொன்ன கோளாறில் ஏறக்குறைய பேட்டரியின் முழு வோல்ட்டே காட்டும். உறையிலிருந்து ஹோல்டர், ஹோல்டரிலிருந்து விளக்குக் கூடு, கூட்டிலிருந்து பாடி என்று நகர்த்திக்கொண்டே வாருங்கள். எண் திடீரென விழும் இடத்தில்தான் கோளாறு. அங்கே தகடு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் ஈரம் அண்டாது.

மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் காரென்றால், லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாமான் நிறுவனத்தின் வயர் நிறங்கள் கைகொடுக்கும். பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த். மைனரின் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்வது இரண்டே ஃபியூஸ். பழுப்பு வயருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, பாடியில் உரசினால் உறை உருகித் தீப்பிடிக்கும். அதனால் டேஷ்போர்டுக்குள் கைவிடும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எர்த் பக்கத்தை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் எர்த் பெரும்பாலும் பாசிட்டிவ் முனை. எது பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே ஸ்பேனரை வையுங்கள்.