குவளை நிரம்புவதைக் காது சொல்லும்

சிங்கப்பூர் ஈசூனில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் முதலில் ஒலி 96.8 வானொலி வாயை மூடும், அப்புறம்தான் தே (தேநீர்) வரும். வந்தவர்களுக்குத் தரும் மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கண் அழுத்த நோயில் பார்வை போனபின் அவர் தே ஊற்றுவதே காதை வைத்துத்தான். வானொலி பாடினால் குவளை வழியும்.

தண்ணீர் விழும்போது, அதற்கு மேலே குவளைக்குள் மிச்சமிருக்கும் காற்று புல்லாங்குழலுக்குள் இருப்பதுபோல அதிர்கிறது. காற்று நீளமாக நின்றால் கட்டைக்குரல், குட்டையானால் கீச்சுக்குரல். தோராயக் கணக்கில், 10 செ.மீ. ஆழமுள்ள வெறுங்குவளையின் சுருதி 850 ஹெர்ட்ஸ். பாதி நிரம்பினால் 1,700. விளிம்புக்கு இரண்டரை செ.மீ. இருக்கும்போது 3,400. சுருதி இரட்டிப்பாகி முதல் ஸ்தாயி ஏற 5 செ.மீ. தண்ணீர் வேண்டும், அடுத்ததற்கு அதில் பாதி போதும். நிறுத்த வேண்டிய நேரம் நெருங்க நெருங்கச் சுருதி ஓட்டம் பிடிக்கிறது. வாயகன்ற கிண்ணம் இப்படிச் சுத்தமாகப் பாடாது, உயரக் குவளைதான் சரி.

நானும் கண்ணை மூடி ஊற்றிப் பார்த்தேன். மேசைத்துணி போச்சு. "தண்ணி விழுற சத்தத்தை விடுடா, மேல ஏறுற சத்தத்தைப் பிடி" என்றார்.

சுடுநீர் விழும் சத்தம் குளிர்நீரைவிடக் கொஞ்சம் மந்தம். பிளாஸ்க் ஆறிப்போனதை அவர் ஊற்றும்போதே சொல்லிவிடுவார். ஆனால் நுரை பொங்க இழுத்து ஆற்றிய தே தாரிக்கிடம் இந்த வித்தை பலிக்காது, நுரை சத்தத்தை விழுங்கிவிடும். அதற்கு விளிம்பில் மாட்டும் சின்னக் கருவி இருக்கிறது. அதன் இரு கம்பி முனைகளையும் தே தொட்டதும் மின்சாரம் பாய்ந்து கருவி 'பீப்' என்று கத்தும். குளிர்ந்த தண்ணீர் என்றால் விளிம்புக்குள் விரலை விட்டாலே போதும்.

பணத்துக்குக் காது உதவாது, விரல்தான். சிங்கப்பூர் நோட்டு மதிப்புக்கேற்ப நீளும்: 2 வெள்ளி (டாலர்) 126 மி.மீ., 5 வெள்ளி 133, 10 வெள்ளி 141, 50 வெள்ளி 156. அருகருகே வைத்தால் தெரியும் வித்தியாசம்தான். தனி நோட்டில் 7 மி.மீ.யை விரல் நம்பாது, அதனால் மடிப்பு. பெரியப்பா கணக்கில் 2 மடிக்காமல், 5 பாதியாக, 10 நீளவாக்கில்.

போன வாரம் காப்பிக்கடையில் மீதிப் பணம் வாங்கியதும், எது எது என்று கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, அங்கேயே நின்று ஒவ்வொன்றாக மடித்தார். பின்னால் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார். கடைசி நோட்டும் பைக்குள் போனபிறகுதான் பெரியப்பா நகர்ந்தார்.