ஒரே தோல், இரண்டு விடைகள்

ராணிப்பேட்டையில் தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவனுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு தோல் துண்டை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலணித் தோலில் உள்ள குரோமியம்-6 என்ற நச்சு வடிவக் குரோமியம் உடம்பில் பட்டால் ஒவ்வாமை வரலாம். கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தோலை நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் மூன்று மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, வினைப்பொருளைச் சேர்ப்போம். குரோமியம்-6 இருந்தால் குடுவை கத்தரிப்பூ நிறமாகும். ஒருமுறை எங்கள் குடுவை நிறம் மாறவில்லை, சான்று கொடுத்தோம். அதே சரக்கு ஐரோப்பா போய்ச் சேர்ந்ததும், அங்குள்ள சோதனையில் வரம்பை மீறியது. யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் தோலை 80 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுச் சோதித்தார்கள். நாங்கள் வந்தபடியே சோதித்தோம். ஏற்றுமதியாளருக்குக் கொள்கலன் முழுவதும் நஷ்டம்.

2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் முன்னணி ஏஐ மாடல்களின் ஆபத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றும் அதில் இருந்தன. 2025 பிப்ரவரியில், இந்தியா இணைத்தலைமை வகித்த பாரிஸ் ஏஐ மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. அது வருத்தம்தான். ஆனால் எல்லோரும் கையெழுத்திட்டாலும், 'பாதுகாப்பானது' என்பதை எப்படி அளப்பது என்று தீர்மானிக்காவிட்டால் எங்கள் சான்றிதழின் கதிதான். தோலாவது சோதனைக்காக நடிக்காது. சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு வேறுவிதமாக நடக்கும் மாடல்களை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் 2024 நவம்பரில் பல நாடுகளின் அரசு ஏஐ பாதுகாப்பு அமைப்புகள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1 மாடலைக் கூட்டாகச் சோதித்தது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. நாளிதழ்களில் அதற்குக் கிடைத்த இடம் போதாது.

ஆபத்து நிரூபணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு எங்கள் பாலாற்றைக் காட்டுவேன். தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அறிவியல் உறுதி முழுதாகக் கிடைக்கவில்லை என்பது தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் எத்தனையோ கிணறுகள் கெட்டுப்போயிருந்தன.

இப்போது எங்கள் அறிக்கையில், எண்ணுக்கு மேலேயே, மாதிரியைச் சூடாக்கிச் சோதித்தோமா இல்லையா என்று எழுதுகிறோம். எந்த ஏஐ நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கையைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.