ஒரே நாய், இரண்டு பெயர்: கெர்பெரோஸ் ஏன் ஸர்பரஸ் ஆனது?

புளூட்டோவின் ஐந்து நிலவுகளில் ஒன்று கெர்பெரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது. ஆங்கில நூல்களிலோ அதே நாய் ஸர்பரஸ். எது சரி என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரண்டும் சரிதான்.

கிரேக்கப் பெயர்கள் மேற்கு ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் லத்தீன் வழியாகவே போயின. கிரேக்கத்தின் ககர எழுத்தான 'காப்பா'வை ரோமானியர் 'சி' எழுத்தால் எழுதினர். 'ஓஸ்' ஈற்றை 'உஸ்' ஆக்கினர். உச்சரிப்பில் ககரம் அப்படியே இருந்தது, ஏனென்றால் அன்றைய லத்தீனில் 'சி' எங்கு வந்தாலும் ககரம்தான். நாயின் பெயர் கெர்பெருஸ்.

மாற்றம் பிற்பாடு வாய்க்குள் நடந்தது. 'கா', 'கீ' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'கா'வுக்கு அடிநா பின்னண்ணத்தைத் தொடுகிறது. 'கீ'யில் அடுத்து வரும் ஈகாரத்துக்கு நா முன்கூட்டியே எழும்புவதால் தொடும் இடம் முன்னே நகர்கிறது. தலைமுறை தலைமுறையாக இது கூடிக்கொண்டே போனால் இடைநா அண்ணத்தைத் தொடும், ககரம் சகரமாகும். இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்தான் பெரும்பாலும் இது நடக்கும். இத்தாலியத்தில் அந்த நாய் செர்பெரோ. பிரெஞ்சில் சகரம் மேலும் தேய்ந்து ஸகரமானது. ஆங்கிலமும் அந்த உச்சரிப்பையே பின்பற்றியது. சீசரின் பெயரை ஜெர்மானியர் இம்மாற்றத்துக்கு முன்பே வாங்கியதால்தான் அவர்களிடம் அது 'கைசர்' என்று நின்றுவிட்டது.

தமிழும் இதே வழியில் நடந்த மொழி. கன்னடத்தின் 'கிவி' நமக்குச் செவி. ஆனால் அடுத்த மெய் நாவைப் பின்னுக்கு மடக்குவதாக இருந்தால் மாற்றம் தடைபடும். அதனால்தான் கிளி, கெடு, கேள், கீழ் ஆகியவை ககரத்தோடு தப்பின. ஒலிமாற்றம் இவ்வளவு ஒழுங்காக நடப்பது எனக்குத் தீராத வியப்பு.

நிலவுக்கு வருவோம். 2011இல் ஹபிள் தொலைநோக்கி கண்ட அதற்கு 2013இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் பெயர் சூட்டியது. 1971இல் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் ஏற்கெனவே ஸர்பரஸ் என்ற பெயரை எடுத்திருந்ததால் கிரேக்க வடிவம் தேர்வானது. 2006இல் புளூட்டோவின் இன்னொரு நிலவான நிக்ஸுக்கும் இதே சிக்கல். கிரேக்க இரவுத் தேவியான நிக்ஸின் பெயரில் ஆங்கில 'ஒய்' எழுத்தோடு ஒரு சிறுகோள் இருந்ததால், நிலவுக்கு அந்த எழுத்தை 'ஐ' ஆக்கினார்கள். இங்கே எழுத்து மாறியதற்குக் காரணம் பட்டியலில் குழப்பம் வரக்கூடாது என்பது.

ஆகவே தமிழில் எழுதுவோர் நிலவைக் கெர்பெரோஸ் என்றும் சிறுகோளை ஸர்பரஸ் என்றும் பிரித்தே எழுத வேண்டும். இரண்டையும் 'செர்பரஸ்' என்று எழுதினால், வானியலாளர்கள் எழுத்தை மாற்றித் தவிர்த்த குழப்பம் தமிழில் மீண்டும் வந்துவிடும்.